ஆடு தொடாத செடி

இன்று விடியக் கொட்டிலுக்குள் கிடந்த படங்கை எடுத்து முற்றத்தில் உதறினேன். மடிப்புக்குள் நொறுங்கிக் கிடந்த நாலைந்து காய்ந்த இலைகள் காலடியில் கொட்டின. அவற்றோடு அந்த மணமும் வந்தது. கசப்பும் புழுக்கமும் கலந்த, யாரையும் ஒரு அடி பின்னுக்குத் தள்ளுகிற மணம். உம்முடைய கடைசி மாதங்களில் கையிலும் சட்டையிலும் அதுதான் இருந்தது. பஸ்ஸில் உமக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மெல்ல விலகுவார்கள். "முந்தி என்னில ஆடு மணந்தது. இப்ப ஆடே ஓடுற மணம்" என்று நீரே பகிடி விடுவீர்.

சாக்குகளைப் பிரித்துத் தைத்த அந்தப் பழைய படங்கை அப்படியே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பிறகுதான் உமக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடிதம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. அலுவலகத்தில் இலிகிதராக இருந்து எழுதியவை ஒரு புறம். வீட்டில் இருந்து எழுதியவை பெரும்பாலும் முறைப்பாடுகள். தாவரவியலில் நல்ல பெறுபேறு எடுத்தும் எனக்குக் கிடைக்காமல் போன விரிவுரையாளர் வேலை பற்றி எழுதியிருக்கிறேன். தாய் தகப்பனை என் தலையில் கட்டிவிட்டு வெளிநாட்டில் இருந்துகொண்டு வளவுக்குப் பங்கு கேட்கிற தம்பிமாருக்கு எழுதியிருக்கிறேன். உம்மைப் பற்றியும் ஒன்று எழுதியிருக்கிறேன், அது உமக்குத் தெரியும். உமக்கே எழுதுவது இதுதான் முதல்.

சாதாரண தரம் வரை நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் மேலே படிக்கப் போனேன். நீர் குறிகாட்டுவான் துறையில் வள்ளங்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கப் போனீர், வீட்டில் ஆடு வளர்த்தீர். அடுத்தடுத்த வளவு, நடுவில் ஒரு கிளுவை வேலி. நாம் கதைக்காமல் விட்டதற்கு வேலிதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். வேலியில்லை, மாங்கன்று. அம்மா அதற்கு முந்தின வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்ட இரண்டு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கன்றுகளை உம்முடைய ஆடுகள் ஒரே பகலில் தண்டு வரைக்கும் தின்றன. நீர் என் வாசல் படலையடியில் வந்து நின்று, "ஆடெண்டாலும் ருசி தெரிஞ்சிருக்குது பாரும்" என்று சிரித்தீர். அது உம்முடைய விதத்தில் கேட்ட மன்னிப்பு என்று இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. கட்டாமல் திரிகிற கட்டாக்காலி ஆடுகள் என்று நான் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்தேன். வந்து இரண்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் சினையாக நின்ற ஒன்று உயிரோடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருடம். உம்முடைய சைக்கிள் வந்தால் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பேன். என்னுடைய இருமல் கேட்டால் நீர் கிணற்றடியில் வாளியைச் சத்தமாக வைப்பீர்.

ரீச்சர்தான் இதைக் குழப்பினார். ஊர்காவற்றுறையிலிருந்து மாற்றலாகி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். வெளிநாட்டுக்குப் போனவர்களின் வளவுகளில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு நின்றது. வெள்ளைப் பூப் பூத்து, காற்றில் விதை எறிந்து, தனக்குக் கீழே வேறொன்றையும் முளைக்கவிடாமல் நின்றது. "அண்ணை, அது மூடின நிலத்தில சின்னச் செடியெல்லாம் சாகுது. செடி செத்தால் வண்ணத்துப்பூச்சிக்கு முட்டை போட இடமில்லை. இந்த வருசம் ஒண்டையும் காணேல்லை. சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம் வாங்கோவன்" என்று வீடு வீடாகக் கேட்டார். தாவரவியல் படித்தவர் இல்லாமல் சரிவராது என்று எனக்குச் சொன்னார். ஆடு வைத்திருக்கிறவர் இல்லாமல் சரிவராது என்று உமக்குச் சொல்லியிருக்கிறார்.

முதல் சனிக்கிழமை கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பதினைந்து பேர் வரையில் பிடுங்கினோம். பிடுங்கியதைப் படங்கில் குவித்து வளவு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். படங்குக்கு நாலு மூலை. இரண்டு பேர் வேண்டும். ரீச்சர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் உயரம் சரி. பிடியுங்கோ" என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. நான் என் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பனையைப் பார்த்தேன். நீர் உம்முடைய இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்.

"தூக்கும்" என்றீர்.

ஏழு வருடத்துக்குப் பிறகு நீர் எனக்குச் சொன்ன முதல் சொல். தூக்கினேன். வேறென்ன செய்வது, நான் தூக்காவிட்டால் உம்முடைய பக்கம் எல்லாம் கொட்டிவிடும். அடுத்தடுத்த கிழமைகளில் "வையும்", "பாரும், முள்ளு", "மெல்ல, எனக்கு நாரி நோகுது" என்று நம்முடைய கதை படங்கின் அளவுக்கு விரிந்தது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனிடம் போகக் குறிகாட்டுவானில் படகேறினேன். நீர் அரிசி மூட்டைகளை ஏற்றிவிட்டு அதே படகில் வந்து, சனத்துக்குள் எனக்குப் பக்கத்தில் நின்றீர். பாதிக் கடல் போயிருப்போம். நீர் என் முழங்கையைத் தட்டினீர்.

"அங்கை பாரும்."

முதலில் எரிந்த கடதாசித் துண்டுகள் காற்றில் வருகின்றன என்று நினைத்தேன். அவை வண்ணத்துப்பூச்சிகள். கறுத்த இறக்கை, முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில் குங்குமம் தெறித்தது போல் புள்ளிகள், சிவந்த உடல். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒன்றன் பின் ஒன்றாக, எங்கள் படகை ஊடறுத்துப் போய்க்கொண்டிருந்தன. அலை எழும்பினால் அவையும் எழும்பின, தாழ்ந்தால் தாழ்ந்தன. படகின் இரைச்சலையோ எங்கள் நூறு தலைகளையோ அவை கணக்கில் எடுக்கவில்லை. அம்மனுக்குத் தாமரைப் பூ வைத்திருந்த ஒரு அம்மாவின் தட்டில் ஒன்று வந்து இருந்தது, இரண்டு தரம் இறக்கை அசைத்தது, மறுபடி கடலுக்குப் போனது. அந்த அம்மா கும்பிட்டார். படகில் கதை நின்றுவிட்டது.

"எங்க போகினம்?" என்று நீர் கேட்டீர். மனிதரைக் கேட்பது போலத்தான் கேட்டீர்.

எனக்கு விடை தெரியாது. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். இதன் புழு எல்லா இலையையும் தின்னாது, ஆடுதீண்டாப்பாளையும் அதன் இனமும்தான் தின்னும், அந்த இலையின் நஞ்சைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதால் இதைக் குருவி தொடாது என்று, பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைக்காத விரிவுரையை அந்தப் படகில் நின்று செய்தேன். நீர் வாய் பிளந்து கேட்டீர்.

"அப்ப இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, அந்த ஒரு செடியைத் தேடுவினமோ?"

"ஓம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி முட்டை போடாயினம்."

கரை வரும் வரை நீர் அவை போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர். இறங்கும்போது, "விசர் பிடிச்ச துணிவு" என்று மட்டும் சொன்னீர். அம்மன் சந்நிதியில் நின்றபோதும் எனக்குக் கண்ணுக்குள் அந்தக் கறுப்பும் சிவப்பும்தான். என் வயதில் ஒருவன் கடைசியாக எப்போது வாயடைத்து நின்றான் என்று கேட்டால், அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு வந்தவை தெரியாமல் இருந்திருந்தால்.

மூன்றாவது வளவு பெரியது. பார்த்தீனியத்தோடு புல்லும் பூண்டும் கலந்து கிடந்தது. பிரித்துப் பிடுங்க நாள் கணக்காகும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதலில் உம்முடைய ஆடுகளை உள்ளே விடுவது. ஆடு தின்பதைத் தின்று முடிக்கும், பார்த்தீனியத்தைத் தொடாது. மிஞ்சி நிற்பதைப் பார்க்காமலே பிடுங்கலாம். எனக்கு அதில் எவ்வளவு பெருமை! "ஆடு தொடாததெல்லாம் களை. கண்டதும் வேரோடு பிடுங்குக" என்று வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசிகசாலைக் கதவில் நானே ஒட்டினேன். முத்து முத்தான என் எழுத்தைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு உண்டு.

அன்று படங்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது நீர் கேட்டீர்.

"ஆடு தொடாததெல்லாம் களையெண்டால், நீர் வள்ளத்தில சொன்ன செடி? அதையும் ஆடு தொடாதே. பேரிலயே கிடக்கே."

"அது அந்த வளவில இல்லை. நான் பார்த்தனான்."

"பின்பக்கம், பழைய கிணத்தடியும் பார்த்தனீரோ?"

"உமக்கு ஆடு தெரியும். எனக்குச் செடி தெரியும். தூக்கும்."

நீர் தூக்கினீர். நான் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படலையில் நின்று எட்டிப் பார்த்ததைத்தான் பார்த்தனான் என்றேன். அந்தக் கிணற்றடியில் ஆடுதீண்டாப்பாளை நிலத்தோடு நிலமாகப் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடந்திருக்கிறது. அது முழுதும் புழு.

அந்தச் சனிக்கிழமை நீர் வரவில்லை. மனைவியைக் கண் காட்ட யாழ்ப்பாணம் கூட்டிப்போயிருந்தீர். ஆடுகள் தின்று முடித்த வளவில் என் அறிவித்தல்படி வேலை நடந்தது. கிணற்றடியில் பிடுங்கியவர்கள், "இதில மயிர்க்கொட்டி கிடக்கு, கவனம்" என்று கத்தினார்கள். நான் முன்பக்கத்தில் நின்று, "சேர்த்துக் குவியுங்கோ, நாளைக்கு எரிப்பம்" என்று பதில் கத்தினேன். குவியலில் நானும் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். கையில் உறை, மூக்கில் கவசம். மணம் தெரியவில்லை.

ஞாயிறு காலை என் படலை தட்டும் சத்தம் கேட்டது. ஏழு வருடத்தில் நீர் என் படலைக்கு வந்தது அதுதான் முதல். சாரத்தை மடித்து மடியாகப் பிடித்திருந்தீர். உள்ளே புழுக்கள். கரும் ஊதா உடல், உடல் முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற முனைகள். மயிர்க்கொட்டி இல்லை. தொட்டால் கடிக்காது.

"வாரும்" என்றீர்.

வந்தேன். வெறுமையான அந்த வளவில் கண்டதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. குவியலில் இலை வாடிவிட்டது. வாடிய இலையை விட்டுப் புழுக்கள் இறங்கிப் புறப்பட்டிருந்தன. வெள்ளை மணலில், காலை வெயிலில், நாலாபக்கமும். ஒவ்வொன்றும் முன்னுடலை உயர்த்தி, இடமும் வலமும் அசைத்து, எதையோ மணந்து, பிறகு சில அங்குலம் நடந்து, மறுபடி உயர்த்தியது. பக்கத்தில் பச்சையாக நின்ற குப்பைமேனியில் ஒன்று ஏறியது, தொட்டுப் பார்த்தது, இறங்கியது. தின்னக்கூடியது எவ்வளவோ இருந்தது. பசி கிடந்து சாகும் உயிர் ஒன்று, இது என்னுடையதில்லை என்று இறங்கிப் போவதைப் பார்த்தேன். கடல் தாண்டுகிற துணிவு அந்த இரண்டு அங்குல உடம்பிலும் இருந்தது. என் செருப்புக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"இதுகளுக்கு வேற என்ன குடுக்கலாம்?"

"ஒண்டும் குடுக்கேலாது."

"நீர் படிச்சனீர். யோசியும்."

"படிச்சபடியால்தான் சொல்லுறன். ஒண்டும் ஏலாது."

நான் வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தினேன். நீர் சைக்கிளை எடுத்தீர். அன்று எங்கெங்கே தேடினீரோ தெரியாது. பின்னேரம் மடத்துவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பை இலையோடு வந்தீர் என்று உம்முடைய மனைவி பிறகு சொன்னா. மீன் பெட்டி ஒன்றைக் கழுவி அதற்குள் இலையைப் போட்டு வளர்த்தீர். பாதிக்கு மேல் செத்துப் போயின. பதினொன்று பிழைத்து, கூடு கட்டி, வெளியே வந்தன. ஒவ்வொன்றும் இறக்கை காய்ந்து பறக்கும் வரைக்கும் ஆட்டுக் கொட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறீர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதைப் பார்த்தேன். பார்க்காதது போலப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சரின் முகம் கறுத்துக் கிடந்தது. "எதுக்காகத் தொடங்கினமோ அதையே பிடுங்கி எறிஞ்சிட்டம். ஆற்ற யோசனை இது?" என்று கேட்டார். எங்களோடு பிடுங்க வருகிற கடைக்காரர் வாய் திறந்தார். "ஆட்டை விடுற யோசனைதானே..." என்றுவிட்டு நிறுத்தினார். எல்லாத் தலையும் குனிந்தது. நீர் எழும்பினீர்.

"ஆடு என்ர. யோசனையும் என்ர எண்டு வையுங்கோ. பிழை விட்டிட்டன்."

ஒரு சொல் போதும், நான் அதைச் சொல்லவில்லை.

ஒழுங்கையில் உம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்? நான் கேட்டனானே?"

நீர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தீர். "உமக்கு மிச்சமாய்க் கிடக்கிறது அந்தப் படிப்பு ஒண்டுதான். அதையும் ஆடு தின்ன விடுறதே?"

சிரித்துவிட்டுப் போய்விட்டீர். எனக்குக் காது எரிந்தது. என் மாங்கன்றைத் தின்றவரை ஒருவேளை மன்னித்திருப்பேன். உம்முடைய சினை ஆட்டைச் சாகக் கொடுத்த என்னை நீர் காப்பாற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பட்ட அநியாயத்தைச் சுமப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. கிடைத்த கருணையை எந்தத் தோளில் வைப்பதென்று தெரியவில்லை. படங்கு தூக்கப் போகாமல் நாரி நோ என்று வீட்டில் இருந்தேன்.

பிறகு நீர் விதை தேடத் தொடங்கினீர். துறையில் வேலை முடிந்தால் நெடுந்தீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிற வள்ளங்களில் ஏறிவிடுவீர். காய் முற்றி வெடித்துக் கீழ்நோக்கிச் சிறு கூடைபோலத் தொங்கும். அதற்குள் அடுக்கி வைத்ததுபோலத் தட்டையான விதைகள். சட்டைப்பைக்குள் அந்தக் கூடைகளோடு திரிந்தீர். ஆனி மாதத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலால் கேட்டீர்.

"என்ர வளவில ஆடு மிதிச்சுப் போடும். உம்மட வளவுக்குள்ள ஆடு வராது. வேலியோரம் கொஞ்சம் போடட்டே?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்டீர். இரண்டு தரமும் யோசிக்கிறேன் என்றேன். புரட்டாதியில் ஒரு பகல், வாசிகசாலை மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிழலில் இருந்த நீர் பிறகு எழும்பவில்லை. உம்முடைய செத்த வீட்டில் பின்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் உம்முடைய பகிடிகளைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குச் சொல்ல ஒரு பகிடி இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி மழை வந்து போனது. மார்கழியில் வேலியோரம் புல் செருக்கப் போனவன் மண்வெட்டியை ஓங்கியபடியே நின்றேன். என் பக்கத்தில், வேலியிலிருந்து ஒரு ஆள் நீளத் தூரத்துக்கு, சாம்பல் பூத்த பச்சையில் வட்ட வட்ட இலைகள். ஒன்றைக் கிள்ளினேன். அந்த மணம்.

உம்முடைய மனைவி வேலிக்கு அந்தப் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தா. "இது எப்பிடி இஞ்சாலை வந்தது?" என்று கேட்டேன். அவவோடும் நான் கதைத்து எட்டு வருடம்.

"அவர்தான். வேலிப் பொட்டுக்குள்ளால கையை விட்டு எறிஞ்சவர். கேக்காமல் எறியாதேங்கோ எண்டு நான் சொன்னனான். அந்தாள் யோசிச்சு முடிக்க மழை வந்திடும் எண்டு சொன்னவர்."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

இனி நடந்ததை எழுதத் தகுந்த தமிழ் என்னிடம் இல்லை. ஆனாலும் நீர் கேட்பீர் என்பதால் எழுதுகிறேன்.

தை முடிகிற நேரம். ஒரு காலை, ஒற்றைக் கறுப்பு இறக்கை தெற்கே கடல் பக்கத்திலிருந்து வந்தது. வளவைச் சுற்றியது. பூவரசை விட்டது, செவ்வரத்தையை விட்டது. ஒவ்வொரு சிறு செடியிலும் இறங்கி, முன் கால்களால் இலையைத் தட்டிப் பார்த்தது. அவை காலால் ருசி பார்க்கும் என்று நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். கண்டதில்லை. தட்டியது, இல்லையென்று எழும்பியது, தட்டியது, எழும்பியது. வேலியோரம் வந்தது. தட்டியது. எழும்பவில்லை. உடலை வளைத்து இலைக்கு அடியில் சிவந்த முட்டை ஒன்றை வைத்தது. இவ்வளவு பெரிய கடல், இத்தனை தீவு, இவ்வளவு பார்த்தீனியம், அதற்குள் ஒரு மனிதன் பொட்டுக்குள்ளால் எறிந்த பிடி விதை. அது கண்டுபிடித்தது. நான் நிலத்தில் குந்தி இருந்துவிட்டேன். அன்று அலுவலகம் போகவில்லை.

பிறகு நாளுக்கு நாள் வந்தன. ஒரு பின்னேரம் வெயில் சரியும் நேரம் உம்முடைய மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணை, கெதியா வாங்கோ" என்றா. போனேன். இலை உதிர்த்து மொட்டையாக நின்ற கிளுவை வேலியில், படலையிலிருந்து கிணற்றடி வரை, ஒவ்வொரு கொப்பிலும் அவை வந்து இருந்துகொண்டிருந்தன. பத்து, நூறு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். இறக்கையை மடித்து ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. காற்று வந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கையை விரித்தன. வேலி முழுவதும் ஒரு கணம் சிவந்து அடங்கியது. மறுபடி காற்று. மறுபடி சிவப்பு. வேலி மூச்சு விடுவதுபோல இருந்தது.

நீரும் நானும் ஏழு வருடம் முகம் திருப்பி நின்ற வேலி. அவவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். இருட்டும் வரைக்கும் உம்முடைய ஆடுகள் கூடச் சத்தம் போடவில்லை. நான் கடவுளை அதிகம் நம்புகிறவன் இல்லை, எனக்கு அவரோடும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அன்று என் கைகள் தாமாகக் குவிந்திருந்ததை உள்ளே போகும்போதுதான் கண்டேன்.

அதனால்தான் இன்று படங்கை எடுத்தேன். சனிக்கிழமை. நீண்ட நாளைக்குப் பிறகு போனேன், உம்முடைய மனைவியும் வந்தா. புதிய வளவு. இப்போது ஆடு விடுவதில்லை, ஒவ்வொரு செடியாகப் பார்த்துத்தான் பிடுங்குகிறார்கள். தேத்தண்ணிக்கு எல்லோரும் நிழலில் கூடியபோது எழும்பினேன்.

"அந்தப் பிழை அவர் விட்டதில்லை. யோசனை என்ர" என்றேன்.

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்ணை, அந்த அறிவித்தல் உங்கட கையெழுத்து. இந்த ஊரில உப்பிடி வடிவா எழுத வேற ஆர் இருக்கினம்?"

கடைக்காரர் சொன்னார்: "எங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரீச்சர்தான் சொன்னார். "அவர் கேட்டுக்கொண்டவர். ஒருத்தரும் கேக்கவேண்டாம், அந்தாள் தானா ஒருநாள் சொல்லும், சொல்லேக்க கேளுங்கோ எண்டு."

ஒரு வருடம். இந்த ஊரில் ஒருவன் தும்மினால் கனடாவில் ரொறன்ரோவில் கேட்கும். பதினைந்து வாய்கள் ஒரு வருடம் மூடிக் கிடந்திருக்கின்றன. நான் கடைக்குப் போனபோது, வாசிகசாலையில் பேப்பர் பார்த்தபோது, செத்த வீட்டுக் கதிரையில் இருந்தபோது, எல்லாரும் தெரிந்துகொண்டே எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்கு மேலே போன பூச்சிகளைப் பார்த்து நின்றதுபோல அந்த முகங்களைப் பார்த்து நின்றேன்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன். நீர் என்னை எச்சரித்தீர், கிணற்றடியைப் பார்த்தனீரோ என்று கேட்டீர், நான் பார்க்காமலே பார்த்தனான் என்றேன் என்று.

உம்முடைய மனைவி முதலில் எழும்பினா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படங்கின் அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்தா.

நான் கையுறையைக் கழற்றினேன். குவியலுக்குள் கையை விட்டுக் கிளறி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பார்த்தீனியத்தின் காரல் மட்டும்தான். அந்த மணம் இல்லை. இனி எந்தக் குவியலையும் நான் மணந்து பார்க்காமல் தூக்கப்போவதில்லை. கை சொறிந்தாலும் பரவாயில்லை. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், படிப்பு இல்லை.

"என்ன அண்ணை, மணந்து முடிஞ்சுதோ?" என்று அவ கேட்டா. "வெயில் ஏறுது. தூக்குங்கோ."

தூக்கினேன்.